இரண்டு வரி, மூன்று நொடி

அமெரிக்கப் போலீஸ்காரர் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறார்,
விலங்கு பூட்டும் சத்தம் அடங்குவதற்குள்.
எனக்குக் கொடுத்திருப்பது இரண்டு வரி, மூன்று நொடி.
வரிக்கு முப்பத்தைந்து குறி.
கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு.

ஈசூன், பதினொன்றாம் மாடி, நள்ளிரவு.
மேசையில் ஆறிப்போன மைலோ.
'மௌனம் காக்க உரிமை' என்று அடித்தேன்.
சாமியார் மாதிரி இருந்தது. அழித்தேன்.
'சும்மா இருக்க' என்றால் சோம்பேறி.
'வாய் திறக்காமல்' என்றால் மிரட்டல்.
பேசாமல் இரு என்று அப்பா சொல்லியிருக்கிறார்,
பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்,
மாமியார் வீட்டில் சொல்லாமலே சொன்னார்கள்.
அது உரிமை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

அதைவிடத் தொல்லை, ஆங்கிலத்தின் அந்த ஒற்றை 'யூ'.
முழங்காலால் முதுகை அழுத்திக்கொண்டிருப்பவன்
கீழே கிடப்பவனை நீ என்பானா, நீங்கள் என்பானா?
அவர்களுடைய அரசியல் சாசனத்துக்கு
இந்தக் கவலை இல்லை.
'உனக்கு' என்றால் நான்கு குறி மிச்சம்.
'உங்களுக்கு' என்று போட்டேன்.

*பேசாமல் இருக்க
உங்களுக்கு உரிமை உண்டு.*

எட்டு அத்தியாயத்தில் பதினாறு கைது.
பதினாறு முறையும் அதையே எடுத்து ஒட்டினேன்.

பகலில் எனக்கு வேறு வேலை.
ஜூரோங், ஜன்னல் இல்லாத அறை,
கலியமூர்த்தி, வயது முப்பத்தொன்று, செந்துறைப் பக்கம்.
துவாஸ் வேலையிடம். செம்புக் கம்பி, நாற்பது கிலோ.
லாரியில் ஏற்றச் சொன்னது யார் என்பதில் எல்லாம் இருக்கிறது.
சார்ஜெண்ட் ஃபைசால் குற்றச்சாட்டைப் படித்தார்,
பிறகு அந்த அறிவிப்பு. நான் தமிழில் சொன்னேன்:
உங்கள் தரப்பை இப்போது சொல்லாமல் விட்டு
விசாரணையில்தான் சொல்கிறீர்கள் என்றால்
நீதிபதி உங்களை நம்புவது குறையலாம்.

அவர் என்னைப் பார்த்தார். சார்ஜெண்டை இல்லை.
"அக்கா, பேசாம இருக்கலாம்ல?
டார்ம்ல போன்ல பாத்தேன், போலீசே சொல்லுது.
கீழ எழுத்துல போட்டிருந்துச்சு."

என் எழுத்து.
எங்கோ இயற்றிய ஐந்தாம் திருத்தம்
என் மேசையில் தமிழாகி
பன்னிரண்டு பேர் படுக்கும் அறையின் மேல்கட்டிலில்
கீறல் விழுந்த திரையில் இவருக்குக் கிடைத்திருக்கிறது,
ரசீது இல்லாத சாமான் மாதிரி.
இங்கே எந்தக் கடையிலும் மாற்ற முடியாது.

அது வேறு நாடு என்று நான் சொல்லக்கூடாது.
மொழிபெயர்ப்பவளுக்குச் சொந்த வாக்கியம் கிடையாது.
கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன்.
அக்காவை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

சார்ஜெண்ட் கெட்டவர் இல்லை.
காலையிலிருந்து நான்காவது ஆள்.
அது அவர் இஷ்டம் என்றார், களைப்போடு.
உங்கள் விருப்பம் என்றேன் நான்.
விருப்பம்:
மீனா கோழியா என்று கேட்ட பிறகு
சாப்பாட்டுக் கடையில் வருகிற சொல்.

ஏர்கான் இரைந்தது.
கலியமூர்த்தி நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
கிரீஸ் போகாத நகங்கள்.
மூன்று நொடி இல்லை, நான்கு நிமிடம்.
அதை யாரும் தாளில் எழுதவில்லை.

பிறகு பேசினார். லாரியைப் பற்றி இல்லை.
"சூப்பர்வைசருக்கும் நான் நீ, ஏஜெண்டுக்கும் நீ.
நீங்கதான் என்னைய நீங்கன்னு சொன்னது."

இதையும் மாற்றிச் சொல்ல வேண்டும்.
ஆங்கிலத்தில் கைவைத்துத் தேடுகிறேன்,
ஒரே ஒரு 'யூ'தான் அகப்படுகிறது.
சார்ஜெண்ட் பேனாவை நிறுத்திவிட்டு
என் முகத்தைப் பார்க்கிறார்:
என்ன சொன்னார்?