சிவப்பு சோடா

பட்டாயா ஓட்டலில்
எட்டு வருசம் மீன் வெட்டிய ஸ்டெலின்ராஜ்
கொண்டு வந்தது ரெண்டு சட்டை, ஒரு தைலம்,
ஒற்றைக்கால் மர வீடு.
இடுப்பளவு உயரம்.

நாலுவழிச் சாலைக்காக
களியக்காவிளையில் எங்கள் வாசல் ஏழிலைப்பாலையைச்
சாய்த்த மறுநாள் அதை நட்டான்.
இருந்தவளுக்கு இடம் குடுக்கணும்,
அங்க அப்படித்தான் என்றான்.

செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் யட்சி,
இந்தப் பக்கம் இசக்கி.
ரெண்டு பக்கமும் கேட்பது சுண்ணாம்புதான்.
இவன் சிவப்பு சோடா உடைத்து
ஸ்ட்ரா போட்டு வைத்தான்.
பூசைக்குப் போறவன் செய்யிற காரியமா?
ஒரு வாரம் நான் பேசவில்லை.

சோடா தினமும் ஒரு விரல் இறங்கியது.
எறும்பு என்றேன்.
எறும்புக்கு ஸ்ட்ரா எதுக்குட்டி?

சர்வேயர் வந்தார்.
எங்கள் சுவரில் மஞ்சளில் 214.
சின்ன வீட்டருகே டேப்பை நீட்டினார்,
"இதில யாரு?"
நாங்கள் வாயைத் திறக்கவில்லை.
டேப் தானாகச் சுருண்டு பெட்டிக்குள் போனது.
எண் போடவில்லை.

இப்போது பாறசாலையில் வாடகை.
பணம் கேஸில் கிடக்கிறது.
அங்கே நான் தமிழத்தி,
இங்கே வந்தால் மலையாளத்துக்காரி.

நேற்று கடைசி பஸ்.
ஜல்லிக் குவியலுக்கு நடுவே
ஒற்றைக்காலில் அது மட்டும் நிற்கிறது.
யாரோ புது சோடா வைத்திருக்கிறார்கள்.
தொண்டை வறண்டது.

பக்கத்து சீட்டுக்காரி
வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.
"கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?" என்றேன்.

எழுந்து
முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.