பதினெட்டுக்கு இருபத்திநாலு

கரன்ட் வந்து வந்து போன ஓர் இரவில்
மகளின் கணக்குக் கொப்பியில் கடைசி ஒற்றையைக் கிழித்துப்
பட்டறை கீறினேன்.
ஒரு கட்டம் ஒரு அடி.
பதினெட்டு அகலம், இருபத்திநாலு நீளம்.
பாலை மரம் கட்டங்களுக்குள் அடங்கவில்லை,
வெளியே விட்டேன்.

பதினொரு வருசம் அந்தப் பாலைக்குக் கீழேதான்
யோகபுரத்து லாண்ட்மாஸ்டர் எல்லாம்
குடல் கழற்றிக் கிடந்தன.
மழை வந்தால் படங்கு.
படங்கு பறந்தால்
பிஸ்டனைச் சறத்துக்குள் சுற்றிக்கொண்டு ஓட்டம்.
பழக் காலத்தில் ஓயில் தட்டுக்குள் பாலைப்பழம் விழும்,
பழத்துக்குப் பின்னால் குரங்கும்.

வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி?
அதுதான் முதல் சண்டை.
கிறைண்டர் சத்தம் என் பருப்புச் சட்டிக்குள்
விழக் கூடாது என்றாள் பவளராணி.
நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேணும் என்றேன் நான்.
அவள் குசினி வாசலில் நின்று
"சாப்பிட வாங்கோ" என்று கத்திக்கொண்டிருக்க,
கதியால் ஒன்றோடு பின்பக்கமாகவே நடந்தேன்.
கிணறு தாண்டியும் கேட்டது.
முருங்கை தாண்டியும் கேட்டது.
மாட்டுக் கட்டையடியில் "வாங்கோ" மட்டும் கேட்டது.
அங்கே அறைந்தேன்.

வாசல் தெற்கே என்றால்
சோளகம் முழு வன்னிப் புழுதியையும்
கார்பரேற்றருக்குள் கொண்டுவந்து கொட்டும்.
வடக்கே என்றால் மாரி உள்ளே வந்து குந்தியிருக்கும்.
கிழக்கே வைப்போம் என்றால்
பெட்டியோடு வருகிற மிசின் எப்படித் திரும்பும்?
பேச்சிமுத்தர் தன் மெசியைக் கொண்டுவந்து
வளவுக்குள் ஒரு வட்டம் அடித்துக் காட்டினார்.
பயற்றைக் கொடி இரண்டு செத்தது.
சில்லுத் தடத்தையே வரைபடமாக வைத்துக்கொண்டோம்.

பிரதேச சபையில் கணக்கு ஒற்றையைப் பார்த்துச் சிரித்தார்கள்.
ஆள் பிடித்துக் கீறிக்கொண்டு வா,
பெர்மிட் கொப்பி மூன்று,
கிராம சேவகர் கடிதம்.
படிவத்தில் ஒரு கேள்வி:
இது குடியிருப்பா, தொழிலா?
இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, ஒரு முருங்கை
என்று எழுத அங்கே இடமில்லை.

எல்லாம் சரிவந்த பிறகுதான் குழி கீறினேன்.
இனி லொறியும் வரும்,
அடியில் நின்று வேலை செய்ய வேணும்.
மூன்றடி அகலம், எட்டடி நீளம், ஐந்தடி ஆழம்,
இறங்கப் படி நாலு.
மேசன் மரியநாயகம் ஒற்றையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அண்ணை, இதுக்கு எல் வளைவு வேண்டாமோ?"
பகிடிக்குத்தான் கேட்டான்.
பவளராணி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்,
பாதி குடித்ததையும்.

இந்த அளவை நான் எங்கேயும் படிக்கவில்லை.
கை தானாகக் கீறியது.
எங்கே போய் இறங்கினாலும்
அடுப்புக்கும் முன்னால் வெட்டியது அதைத்தான்.
எத்தனை வண்டில் மண் வரும், எந்தப் பக்கம் கொட்ட வேணும்,
மேலே போடப் பனங்குற்றி எத்தனை,
பிள்ளையோடு ஆறு பேர் என்றால் இன்னும் எத்தனை அடி,
நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

காலையில் பார்த்தால்
அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து
குழி இருந்த இடம் ஓட்டையாகியிருந்தது.
பக்கத்தில் மகளின் எழுத்து,
ஆனால் சொல்லச் சொல்ல எழுதியது:
"கீழே போக வேண்டாம். லொறியை மேலே ஏத்துங்கோ."

ஆகவே கொங்கிறீற்றில் சாய்வு இரண்டு,
ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்று.
கல், கம்பி, சீமெந்து,
குழியைவிட ஒரு லட்சம் கூட என்றான் மரியநாயகம்.
பின்சுவரை வெட்டினேன். இப்போதைக்கு அங்கே
அந்தப் பழைய படங்கு.

இன்று நூல் கட்டினோம்.
மூலைக் கட்டையை நூலோடு பிடுங்கிக்கொண்டு
எங்கள் வெள்ளாடு ஓடுகிறது.
குசினி வாசலில் நின்று அவள் என்னவோ கத்துகிறாள்.
"பிடியுங்கோ" மட்டும் கேட்கிறது.
இடம் சரி.