நாற்பது நொடி

தயாரிப்பாளர் என்று அட்டை அடித்துக்கொண்டேன்.
நூறு அட்டை, நூற்றெண்பது ரூபாய்.
தொண்ணூற்றிரண்டு இன்னும் மேசையில் கிடக்கின்றன.

படம் ஒரு சாலையைப் பற்றி.
மூலக்கடையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அது
வெறும் ஜி.என்.டி. ரோடு.
எழுத்தை விரித்துச் சொல்லச் சொன்னால்
சிரித்துவிட்டு ஆட்டோவைக் கிளப்புவார்கள்.
படையும் தபாலும் வடக்கே போன வழி,
கல்கத்தா வரைக்கும் போகுமாம்.
மாதவரம் ரவுண்டானாவுக்கே
எங்களுக்கு இரண்டு மணி நேரம்.

காமிரா வாடகை நாளொன்றுக்கு நாலாயிரத்து ஐநூறு.
சீட்டை நாலாம் மாதமே ஏலத்தில் எடுத்தேன்,
இருபதாயிரம் தள்ளி.
ஒலிப்பதிவு தேவநேசன்,
ஹெட்போனை மாட்டிவிட்டால்
உலகத்தோடு சண்டைக்காரன்.
ஒளிப்பதிவு ரஹமத்நிஷா.
இயக்கம் என்று யார் பேரும் போடவில்லை,
மனஸ்தாபம் வரும் என்று.

வரலாற்றுப் பேராசிரியரை நடைபாதையில் நிறுத்தினோம்.
ஆயிரத்து எண்ணூற்று... என்று தொடங்குவார்,
ஒரு டிரெய்லர் ஹார்ன் அடிக்கும்.
ஏழு முறை.
எந்த ஆண்டு என்பது
கடைசிவரை பதிவாகவில்லை.

மைல்கல் இருக்கிறது, வாங்க என்று
புழல் சிறைக்கு எதிரில் ஒருத்தர் கூட்டிப்போனார்.
போன தடவை தார் போட்டபோது
அதன் தலையும் உள்ளே போய்விட்டிருந்தது.
குனிந்து இங்கேதான் என்றார்.
அதை எடுத்தோம்,
தாரைக் காட்டும் ஒரு விரலை.

"ரோட்ட இன்னாத்துக்குமா படம் புடிக்கிறீங்க,
அந்தப் பள்ளத்தப் புடிங்க,
கவுன்சிலராண்ட காட்டலாம்."
பள்ளத்தையும் எடுத்தோம்.

நாலாம் இரவு.
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கண்டெய்னர்கள்.
நகராத லாரி ஒன்றில்
ஸ்டியரிங்மேல் போனைச் சாய்த்துவைத்து
ஒரு ஆள் அழுதுகொண்டிருந்தார்.
சத்தமில்லை. எதிரே வந்த வெளிச்சங்கள்
முகத்தில் ஏறி ஏறி இறங்கின.
நிஷா மூச்சுவிடாமல் நாற்பது நொடி பிடித்தாள்.
எனக்கு உடனே தெரிந்தது, இதுதான் படம்.
அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம்.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கையெழுத்து வாங்கணும் என்றான் தேவநேசன்.
வண்டி எண்ணை வைத்துக்கொண்டு
மூன்று வாரம் அலைந்தேன்.
மஞ்சம்பாக்கம் யார்டில் ஆள் கிடைத்தார்,
மால்யாத்ரி, காவலிப் பக்கம்.
டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன்.
முழுக்கப் பார்த்தார்.
மைல்கல் வந்தபோது சிரித்தார்.
தன் முகம் வந்ததும் எழுந்துபோய்
டீ கிளாஸை அலம்பினார்.
அது அவர் வேலையில்லை.

"ஊர்ல பாப்பாங்களா?"
பார்க்கலாம் என்றேன். நெட்டில் போடுவோம்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.
"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க.
ரோடு வெச்சுக்கோங்கம்மா. இது வேணாம்."

படிவத்தை மடித்து வைத்தேன்.
முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாதா என்று
பஸ்ஸில் வீடுவரைக்கும்
என் மனசு என்னிடமே பேரம் பேசியது,
மீன் அங்காடியில் பேசுகிற மாதிரி,
கூசாமல்.

படம் இருபத்திமூன்று நிமிடம்.
பத்தொன்பதாவதில் திரை இருட்டாகும்.
வாடகை ஹாலில் முதல்முறை ஓட்டியபோது
பின்வரிசையில் யாரோ
கரண்ட் போச்சுப்பா என்றார்கள்.
போகவில்லை.
சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது:
ஏர் பிரேக் விடும் பெருமூச்சு,
சுண்டல் வண்டிக்காரர் சட்டியைத் தட்டும் கரண்டி,
அணைத்துப் போட்ட இன்ஜின்கள்
ஒவ்வொன்றாக உயிர்பெற
வரிசை ஒரு வண்டி நீளம் நகர்வது.

கணக்கு நோட்டில் அந்த இரவுக்கு நேராக
டீ நாலு, நாற்பத்தெட்டு ரூபாய் என்று இருக்கிறது.
என் கையெழுத்துதான்.
நாங்கள் மூன்று பேர்.
நாலாவது யாருக்கு வாங்கினோம் என்று
தேவநேசனுக்கும் தெரியவில்லை.