ரொட்டி வண்டி

பேக்கரி ஏலத்தில் எபிநேசர் எடுத்த வண்டி.
இரண்டு வருட ஞாயிறுகள்
லேத்துப் பட்டறைக்குப் பின்னால் நின்று நின்று
மடக்குக் கட்டில், கைகழுவத் தொட்டி,
கூரையில் ஒரு கண்ணாடிச் சன்னல்
எல்லாம் முளைத்தன அதற்கு.
எத்தனை பெயின்ட் அடித்தும்
பன் வாசனை மட்டும் போகவில்லை.
ஏறி உட்கார்ந்ததும் ஷெரினுக்குப் பசிக்கும்.

ஆந்திர எல்லை தாண்டி ஒரு காடு.
கூடாரம் போட இடம்,
அருவி வரை ஏழு கிலோமீட்டர் நடை,
ஆளுக்கு முந்நூறு முன்பணம்.
வெள்ளி சாயங்காலம் தண்டையார்பேட்டையில் கிளம்பினோம்.
ஜி.என்.டி. ரோடு வேண்டாம்,
எண்ணூர் வழியாகப் போனால் காற்றாவது வரும்
என்றது நான்தான்.
இன்றுவரை அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.
அதுவும் ஒரு சொல்லிக்காட்டல்தான்.

ஏழரைக்கு நின்றது.
முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர்,
எதிரே வருகிறவர்களுக்கான வழியிலும் டிரெய்லர்.
துருப்பிடித்த பெட்டிகளில்
நாங்கள் போகாத ஊர்களின் பெயர்.
ஒன்பதுக்கு என்ஜினை அணைத்தார்.
பத்துக்கு நான் கூரைச் சன்னலைத் திறந்தேன்.
நட்சத்திரம் ஒன்றுமில்லை,
புகைபோக்கி உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு
விட்டுவிட்டு எரிந்தது.

பக்கத்து டிரெய்லருக்கு அடியில்
தூளி கட்டிப் படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.
திருமேனி, சங்ககிரி.
துறைமுக கேட்டுக்கு இது மூன்றாம் நாள்.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்,
கட்டிலை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார்,
குழாயைத் திறந்து மூடினார்.
"என்ன லோடுங்க ஏத்துவீங்க இதுல?"
லோடு இல்ல, சும்மா தங்கறதுக்கு, என்றார் எபி.
"சும்மா."
சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
போய்த் தன் ஸ்டவ்வைத் தூக்கிவந்து
எங்கள் பின்கதவருகே வைத்தார்.
முட்டை எங்களுடையது, வெங்காயம் அவருடையது.
முன்வண்டி கிளீனர் பையன் உப்பு மட்டும் கொண்டுவந்து
மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டான்.

விடிந்தும் வரிசை நகரவில்லை.
புது ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஷெரின் கேட்டாள்:
"இன்னைக்கு நடக்கணும்னீங்களே?"

சாலைக்கு அந்தப் பக்கம் கடல்,
அலை அரிக்காமல் கொட்டிய பாறைகள்.
ஏறினாள். நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
நிலக்கரித் தூசி, நண்டு ஓட்டை,
கல்லிடுக்கில் சிக்கிய வலைத்துண்டு.
போட்டில் உட்கார்ந்து மீன் பிரித்தவர் கத்தினார்:
"ஏ பாப்பா, பாசி மேல கால் வைக்காத! எங்க போற?"
"டிரெக்கிங்!"
"இன்னாது?"
"மலை ஏறுறது!"
அவர் கற்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
"சரி, ஏறு."

கடைசிக் கல்லில் உட்கார்ந்து
அருவியில் தின்ன வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தோம்.
அலை அடித்து முறுக்கு நனைந்தது.
அருவித் தண்ணி இப்படிக் கரிக்காது, என்றேன்.
"நீ பாத்திருக்கியா?"
நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது
டிரெய்லர் நின்ற இடத்தில் முட்டை ஓடு,
நாலு சொட்டு ஆயில்.
எங்கள் பின்படியில் ஐந்து வெங்காயம்.
வழி விட்டிருந்தது.
காட்டு கேட்டை மதியம் சாத்திவிடுவார்கள்.
சாவியைத் திருகிவிட்டு எபி கேட்டார்,
எந்தப் பக்கம்?
வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து ஷெரின்,
பசிக்குது என்றாள்.