விடுதலைப் பத்திரம்

கிருஷ்ணகிரி பழையபேட்டைக் கடையை
எழுபத்தொன்பதில் பாகம் பிரித்தார்கள்.
செப்பு வாலை அண்ணன் கலீமுல்லாவுக்கு.
ராயக்கோட்டை ரோஜாத் தோட்டம் தம்பிக்கு.
'கோட்டைப்பனி' அத்தரின் குறிப்புத் தாளையும்
நடுவில் கிழித்தார்கள்:
ஆறு சரக்கு ஒருவனுக்கு,
மீதி ஐந்து மற்றவனுக்கு.

எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.
சார்பதிவாளர் மேசையில்
'முழு மனச் சம்மதத்துடன்' என்ற வரிக்குக் கீழே
ஹாஜிரா பீ என்று எழுதிவிட்டு வந்தேன்.

எந்த நொடியில் தீயை அணைப்பது என்று
சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுத்தவள் நான்.
அதற்குச் சர்வே எண் கிடையாது,
பத்திரம் எழுதியவர் கேட்கவும் இல்லை.

இப்போது எதிரெதிரே இரண்டு கடை,
ஒரே பெயர்.
'அசல்' என்ற சொல்லை மட்டும்
வருஷா வருஷம் பெரிசாக எழுதுகிறார்கள்.

நேற்று கலீமுல்லா மகன் வந்தான்,
ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக.
மணிக்கட்டை நீட்டினான்:
"இதுல என்னமோ குறையுது அத்தை. என்னது?"

முகர்ந்தேன்.
சரக்கு பதினொன்றும் இருந்தது.
வெட்டிவேர்தான் ஒரு நாள் பிந்தி விழுந்திருந்தது.

"டீ குடிக்கிறியா?" என்றேன்.
ஏலக்காயை
அளவாகத் தட்டிப் போட்டேன்.