வெள்ளி நிற்கும் இடம்

பயணத்துக்கு முந்தின இரவு, ஆல்டாவில்,
சமையலறை மேசைமேல் சுருள்களைப் பரப்பினேன்.
வண்ணம் ஒன்பது. கறுப்பு வெள்ளை நான்கு.
குளிர்பெட்டியை விட்டு வந்த டப்பிகளுக்கு
வியர்த்துக் கொட்டியது,
பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் போல.

ரிஸ்தென் தொலைபேசியில் கேட்டிருந்தாள்:
டிஜிட்டல் என்றால் ஆயிரம் எடுப்பாயாமே?
எடுப்பேன்.
ஃபிலிம் என்றால்?
சுருளுக்கு முப்பத்தாறு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஒரு நாய்.
"வருகிறவர்களே எழுநூறு பேர்" என்றாள்.
பிறகு,
"பரவாயில்லை, ஃபிலிம்தான்.
ஆயிரம் இருந்தால் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டேன்."

சரி. எந்த ஃபிலிம்?

அதற்கு வருங்கால மாமியார் பீரெத்
தானே இணைப்பில் வந்து பதில் சொன்னாள்:
நீல உடுப்பின் ஓரத்துச் சிவப்பு நாடாவை
நாலு தரம் பிரித்து நாலு தரம் தைத்திருக்கிறேன்.
நீ அதைச் சாம்பலாக்கினால்
உனக்குப் பிதோஸ் கிடையாது.
(பிதோஸ், பனிமான் கறிக் குழம்பு.
கௌதோகெய்னோவில் இதைவிடப் பெரிய மிரட்டல் இல்லை.)

அவள் சொல்வது நியாயம்.
கறுப்பு வெள்ளைக்குச் சிவப்பும் நீலமும் ஒரு தாய்ப் பிள்ளைகள்,
யார் யாரென்று தெரியாது.
ஆனாலும் அந்த நாலையும் பையில் போட்டேன்.
ஏனென்று கேட்டால், வெள்ளி.

வண்ண ஃபிலிமிலும் வெள்ளி உண்டு.
சாயங்களுக்கு இன்ன இடம் என்று காட்டிவிட்டு
தொட்டியிலேயே கழுவப்பட்டுப் போய்விடும்,
பந்தி முழுக்கப் பரிமாறியவன்
சாப்பிடாமல் பின்வாசலால் போவது மாதிரி.
கறுப்பு வெள்ளையில் அது போவதில்லை.
ஒளி விழுந்த இடத்தில் கறுத்து
அங்கேயே நிற்கும்.

ஈஸ்டர் வெயில். தேவாலய வாசலில் பனி
கண்ணுக்குள் உப்பாகக் கரித்தது.
மீட்டருக்கு உலகமே சாம்பல் என்று நினைப்பு,
பனியைக் காட்டினால் அதையும் அழுக்காக்கும்.
அதன் பேச்சைக் கேட்காமல் இரண்டு படி திறந்தேன்.
விரல் மரத்தது. ஆறாவது சுருள்
குளிரில் விறைத்து, சுற்றும்போது முறிந்தது.
மோதிரம் மாற்றியது அதில்தான் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
நீலாஸின் மார்பில் வெள்ளி ரிஸ்கு,
அவள் மார்பில் மூன்று,
நடக்கும்போதெல்லாம் கிணுகிணுவென்று.
சிவப்பு நாடா சிவப்பாகவே விழுந்தது.
எனக்கு இரண்டு கிண்ணம் பிதோஸ் கிடைத்தது.

விருந்து விளையாட்டரங்கில்.
கூரை விளக்கின் பச்சையில்
வண்ண ஃபிலிம் எல்லோரையும் நோயாளியாக்கும்.
அந்த நாலு சுருளுக்கும் வேலை வந்தது.

காபி ஊற்றிய பெண் என் காதில் சொன்னாள்:
அதோ தட்டு சுமக்கிறானே, யொவ்னா,
ரிஸ்தெனை முதலில் கேட்டவன் அவன்தான்.
மாட்டேன் என்றாள்.
மறு வருஷப் பந்தயத்தில்
நீலாஸைக் கூட்டிவந்து
அவள் பக்கத்தில் நிறுத்தியவனும் அவன்தான்.
சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

வண்ணச் சுருள்களில் தேடினேன் பிறகு.
எட்டிலும் எங்கும் அவன் இல்லை.
கறுப்பு வெள்ளையில், மூன்றாம் சுருள், முப்பத்தொன்று:
கூடைப்பந்து வளையத்தின் கீழே
தாடைவரை அடுக்கிய தட்டுகள்,
எல்லோரும் மணமக்களைப் பார்க்க
அவன் மட்டும் கதவைப் பார்க்கிறான்,
கதவைத் திறக்கக் கை இல்லாமல்.
மணற்புள்ளி மணற்புள்ளியாக முகம்.

எல்லாவற்றையும் அனுப்பினேன்,
முறிந்த சுருளுக்கு ஒரு மன்னிப்போடு.

ஒரு வாரம் கழித்து ரிஸ்தென் எழுதினாள்:
மோதிரம் விரலில் இருக்கிறது, படம் எதற்கு.
பீரெத்துக்குச் சிவப்பு நாடா தெரிகிற மாதிரி
பெரிதாக ஒன்று. சுவருக்கு மூன்று.
அந்த முப்பத்தொன்று வேண்டும்.
அதை மட்டும் சின்னதாகப் போடு.