ஆறாம் பெட்டி

கச்சேரியில், காணிக் கிளையில்,
பதினெட்டு வருசமாய் நான் நிரப்பும் படிவத்தில்
ஆறாம் பெட்டி: குடும்பத் தலைவர்.
கீழே எறும்பளவு எழுத்தில் ஒரு வரி,
கணவர் உயிருடன் இல்லையெனில் மட்டும் மனைவி.

பேனை தானாகப் போய் அவன் பெயரில் நிற்கும்.
எங்கே அவன் என்று கேட்பதில்லை.
கேட்டால் அழுவார்கள்.
அழுதால் வரிசை நீளும்.

ஆனி மாதம். கச்சான் காற்று
வீதி மண்ணை அள்ளி என் மேசையில் கொட்டுகிறது.
இருபத்தேழாவது ஆளாக யோகமலர், சம்பூர்.
கைப்பையில் இருந்து எடுத்தவை:
முகாமில் தந்த நிவாரண அட்டை, ஓரம் கரையான் தின்றது;
பிள்ளைகள் மூவரின் பிறப்புப் பத்திரம்;
தண்ணீர்ப் போத்தல்;
நாயுண்ணிப் பற்றை கீறிய தழும்போடு இரண்டு முன்னங்கை.

"கணவர்?"
"வெளியில நிக்கிறார்."

ஜன்னலால் பார்த்தேன்.
வேப்பமர நிழலில் வெள்ளைச் சேட்டோடு ஒருவர்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
அவர் கையிலிருந்த கோவையை மணந்து பார்க்கிறது,
அவர் விரட்டவுமில்லை, கொடுக்கவுமில்லை.
பதினொரு வருசம் எங்கேயோ இருந்துவிட்டு
போன தையில் திரும்பினவராம்.
அங்கே வேறு வீடு இருந்ததா என்று
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அப்ப அவற்றை பேரைத்தான் போடோணும், அக்கா.
உயிரோட இருக்கிறார்தானே."

"இருக்கிறார். அது அவற்றை பிழை இல்லை.
அதுக்காகத் தலைவராக்க ஏலுமோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
விரலைப் படிவத்தின் மேல் வைத்து
ஒவ்வொரு பெட்டியாகக் கீழே இறக்கினாள்.
"மிஸ், கிணறு இறைச்சுத் தூர் வாரினது ஆரெண்டு
எழுதுற பெட்டி இதில இருக்கோ?"
"இல்லை."
"வேலிக்கட்டை ஊண்டினது?"
"இல்லை."
"அப்ப ஆறிலதான் எழுதோணும்."

ஜவாத் சேரிடம் கொண்டுபோனேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சட்டம் மாறுது எண்டு கடிதம் வந்தது,
படிவம் இன்னும் வரேல்லை, என்றார்.
பிறகு கண்ணாடியைப் போடாமலே
"எழுதுங்கோ. மேல இருந்து திரும்பி வந்தா
திரும்ப எழுதுவம்."

எழுதினேன். யோகமலர் தங்கவடிவேல்.
பெட்டி போதவில்லை, கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டி வெளியே நின்றது.

பத்தாம் பெட்டிக்குச் சாட்சி தேவை.
அவள் ஜன்னலால் கூப்பிட்டாள், "இஞ்ச வாங்கோ."
வந்தார். எங்கே வைக்கிறது என்றார்.
அவள் விரல் காட்டிய இடத்தில்
பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு
முழுப்பெயரையும் எழுதினார்.
அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன்.
களைப்புத்தான் இருந்தது,
கொஞ்சம் ஆறுதலும் இருந்ததோ என்னவோ.

நீங்கள் நினைப்பதுபோல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
இருபத்தெட்டாவது ஆளுக்கு
பழையபடி அவன் பெயரைத்தான் எழுதினேன்.
அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அது இரவு முழுக்க உறுத்தியது.

அடுத்த நாள் சம்பளம்.
என் வங்கி அட்டை இவருடைய சேட்டுப் பையில்தான் இருக்கும்,
கலியாணம் முடித்த நாளிலிருந்து.
அன்று இவருக்குக் காய்ச்சல்.
நாலு இலக்கத்தைத் துண்டில் எழுதித் தந்தார்.
பார்த்தேன்: இவருடைய மோட்டார் சைக்கிள் நம்பர்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து இயந்திரம்.
காசை எடுத்தேன்.
வேறு சேவை வேண்டுமா என்று கேட்டது.
இத்தனை வருசத்தில் என்னிடம்
யாரும் இப்படிக் கேட்டதாக ஞாபகமில்லை.

புதிய இலக்கம், என்றது. அழுத்தினேன்.
மீண்டும் ஒருமுறை, என்றது. அழுத்தினேன்.
திரையில் நாலு புள்ளிகள்,
சின்னப் பெட்டிதான், சரியாக அடங்கின.

பஸ்ஸில் உவர்மலை ஏறும்வரைக்கும்
இவருக்கு என்ன சொல்வதென்று யோசித்தேன்.
கஞ்சி வைக்கவேணும்.
பனடோல் முடிந்துவிட்டது.
இறங்கி, கடையில் ஒரு அட்டை வாங்கி,
மிச்சக் காசை எண்ணி
என் பையில் வைத்தேன்.